நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸின் ஒன்பது கட்டங்கள்

ஜெயந்தினி அந்தக் கராஜில் சேர்ந்த அன்று முதலாளி தரணிதரன் அவளுக்குச் சொன்ன விதி ஒன்றுதான். "வண்டி உள்ள வந்தா சிஸ்டத்துல வந்துறணும். வெளிய போனா சிஸ்டத்துல இருந்தும் போயிறணும். நடுவுல நடக்குறத மெக்கானிக் பாஸ்மாருங்க பாத்துக்குவாங்க." அந்த நடுவில் நடப்பதுதான் தன்னுடைய வேலை முழுவதும் என்று அவளுக்குத் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

தலவாக்கலை நகரைத் தாண்டி நானுஓயா பக்கம் போகிற வீதியில், ஒரு வளைவுக்குக் கீழே இருக்கிறது தரணி மோட்டர்ஸ். முன்னால் கண்ணாடி போட்ட சின்ன ஆபீஸ், பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. தரணிதரனின் குடும்பம் பஜாரில் மூன்று தலைமுறையாக இரும்புக் கடை நடத்துகிறது. சாமான் வாங்குவதிலும் விற்பதிலும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் கழற்றிய எஞ்சினை அடையாளம் சொல்லத் தெரியாது.

ஜெயந்தினிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்து, கொழும்பில் ஒரு பெரிய வாகனக் கம்பெனியின் சேர்விஸ் பிரிவில் எட்டு வருடம் இருந்தாள். வாகனம் கொண்டுவருகிறவர்களிடம் குறை கேட்டு எழுதுவது, எந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது, எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்வது. அதில் அவளுக்கு நல்ல பெயர். நாலு மணி என்று சொன்னால் நாலு மணிக்கு வண்டி வெளியே கழுவி நிற்கும். அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டபோது வேலையை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்த வேலைக்கு ஊரில் இருந்த ஒரே இடம் இந்தக் கராஜ்தான்.

கராஜுக்கான மென்பொருளைத் தரணிதரன் கொழும்பில் ஒரு கண்காட்சியில் பார்த்து வாங்கியிருந்தார். ஒரு வண்டிக்கு ஒரு ஜொப் கார்ட், அதாவது வேலைச் சீட்டு. ஒரு கார்டுக்கு ஒரு முடிவுத் தேதி. வேலை முடிந்தால் அமுக்க ஒரு பொத்தான். காலையில் ஓயில் மாற்ற வந்து மத்தியானம் போகிற வேனுக்கு அது அருமையாக வேலை செய்தது. ஆனால் இந்த மலையில் கராஜுக்கு வருகிற வண்டிகளில் பாதி, வந்தால் மாதக்கணக்கில் படுத்துவிடும். அந்த வண்டிகளுக்கும் அதே ஒரு கார்ட், அதே ஒரு தேதி. எஞ்சின் கண்டிக்குப் போயிருக்கிறதா, தகர வேலை பாதியில் நிற்கிறதா, சாமானுக்குக் காத்திருக்கிறதா, எதுவும் அதில் தெரியாது. தேதி தாண்டினால் முன் அறைத் திரையில் அந்த வண்டியின் எண் சிவப்பாகும். தரணிதரனுக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது.

"தேதிய கொஞ்சம் தள்ளிப் போட்டுடுமா" என்பார். ஜெயந்தினி ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் வேலையாக ஏழெட்டு வண்டிகளின் தேதியைத் தள்ளிப் போட்டாள். கொழும்பில் இருந்தபோது ஒரு தடவைகூடச் செய்யாத காரியம்.

ஜனவரியில் நோட்டன் பிரிட்ஜ் பஸ் வந்தது. கார்த்திகை மழையில் மண்மேடு சரிந்து, வீதியோரம் நிறுத்தியிருந்த பஸ்ஸின் முன்பாதியை மூடிவிட்டது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. மண்ணை வாரி எடுக்கவே மூன்று வாரம் ஆகி, பிறகு ரிகவரி லொறியில் கட்டி இழுத்து வந்தார்கள். வளைந்துபோன செஸி அடிச்சட்டம், நசுங்கிய முன்பக்கம், எஞ்சினுக்குள் சேறு, அறுந்த வயர்கள். சொந்தக்காரர் அந்தோனிமுத்து. முப்பது வருடம் மற்றவர்களின் பஸ்ஸை ஓட்டி, பிறகு சொந்தமாக இந்த ஒன்றை வாங்கியவர். விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு நோட்டன் பிரிட்ஜில் இருந்து ஹட்டனுக்கு முதல் பஸ் அவருடையது. ஆசிரியர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கடைகளில் வேலை செய்யும் பெண்கள் எல்லாம் அதில்தான்.

"எப்ப முடியும் மிஸ்?" என்று அன்றைக்குக் கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து தரணிதரனின் குரல் வந்தது. "ரெண்டு மாசம். போட்டுக்கம்மா, மார்ச் இருவது."

அந்த இரண்டு மாதத்தில் நடந்ததை நினைத்தால் ஜெயந்தினிக்கு இப்போதும் கோபம் வருகிறது. பெயின்டருக்கு ஒரு வாரம் வேறு வேலை இல்லை என்று, அவர் பஸ்ஸின் இடது பக்கத்துக்கு முதல் பூச்சு அடித்துவிட்டார். பத்து நாள் கழித்து செஸியை நிமிர்த்தப் போன ஜெரோமி, அந்தப் பக்கத்துக் குறுக்குச் சட்டத்தில் வெடிப்பைக் கண்டார். ஜெரோமி அந்தக் கராஜின் தலைமை மெக்கானிக். மெக்கானிக்குகளை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டிங் செய்வதற்கு அடித்த பூச்சோடு தகரத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கிளட்ச் தட்டை ஜெரோமி பாஸ் போனில் ஓடர் பண்ணினார். அது தெரியாமல் ஜெயந்தினியும் சிஸ்டத்தில் ஓடர் போட்டாள். இரண்டு கிளட்ச் தட்டு வந்தது. வர வேண்டிய கேஸ்கட் வரவில்லை. கண்டியில் லேத் பட்டறைக்குப் போன எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று ஜெரோமிக்குத் தெரியும். அவர் லீவு எடுத்த வாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மார்ச் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, கராஜின் முன்னால் ஒரு வாடகை வேன் வந்து நின்றது. அந்தோனிமுத்து வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். கூடவே அவருடைய மனைவி இராசம்மா, கொண்டக்டர், பஸ்ஸில் தினமும் வருகிற இரண்டு ஆசிரியைகள், இன்னும் இரண்டு பேர். இராசம்மாவின் கையில் பெரிய பூமாலை. ஒரு ஆசிரியையின் கையில் கேக் பெட்டி.

"பஸ்ஸ எங்க நிப்பாட்டியிருக்கீங்க மிஸ்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் அந்தோனிமுத்து.

"எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டுவிட்டாள் ஜெயந்தினி.

அவர் போனை நீட்டினார். கராஜின் பெயர் போட்டு ஒரு குறுஞ்செய்தி. உங்கள் வாகனத்தின் வேலை முடிந்தது, வந்து எடுத்துச் செல்லலாம், எங்களை நாடியதற்கு நன்றி. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வந்திருந்தது.

அவர்களைப் பின் கொட்டகைக்கு அழைத்துப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பஸ் நான்கு இரும்புத் தாங்கிகளின்மேல் நின்றது. முன் சக்கரங்கள் இல்லை. எஞ்சின் இருந்த இடத்தில் கீழே சிமெந்துத் தரை தெரிந்தது. இடது பக்கம் வெட்டிய தகரம், வலது பக்கம் வெறும் எலும்புக்கூடு, கழற்றிய இருக்கைகள் சுவரோடு அடுக்கியபடி.

"பஸ்ஸுக்கு மூஞ்சியே இல்லையேங்க" என்றார் இராசம்மா. பிறகு மாலையை வாழையிலையில் சுற்றிப் பைக்குள் திரும்ப வைத்தார்.

அந்தோனிமுத்து பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "முடிஞ்சிருச்சுன்னு சொன்னது யாரு மிஸ்?"

"சிஸ்டம் தானா அனுப்பிருச்சுங்க."

"சிஸ்டம்னா ஆருங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் சண்ட போட வரல. இப்ப இது எந்த எடத்துல நிக்குது, இன்னும் என்னென்ன பாக்கி, அத மட்டும் ஒருத்தர் சொல்லுங்க. போதும்."

ஜெயந்தினி வாயைத் திறந்தாள். எஞ்சின் கண்டியில் இருப்பது தெரியும். மற்றதில் பாதி ஜெரோமிக்குத் தெரியும், கொஞ்சம் பெயின்டருக்குத் தெரியும், கொஞ்சம் ஸ்டோர்காரருக்குத் தெரியும். முழுவதும் தெரிந்த ஒருவர்கூட அந்தக் கராஜில் இல்லை. "திங்கக்கெழம சொல்றேங்க" என்றாள். அவள் எட்டு வருடம் கொழும்பில் வேலை செய்தவள் என்று யாராவது அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஆசிரியை கேக் பெட்டியை அவளுடைய மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அது அவமானத்துக்கு மேல் அவமானம்.

வேன் போனதும் சிஸ்டத்தைத் திறந்து பார்த்தாள். பஸ்ஸின் கார்டை முடித்தது முதலாளியின் பெயரில் இருந்தது.

"டயர் கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்கன்னாங்க" என்றார் தரணிதரன். "ஸ்க்ரீன் பூரா செவப்பா இருந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? அமுக்கிட்டு திங்கக்கெழம திரும்பத் தொறப்போம்னு பாத்தேன்."

"முடிஞ்சதுன்னு அமுக்கினா மெசேஜ் போகும் சேர்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

முடித்த கார்டைத் திரும்பத் திறக்கவும் முடியாது என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணை எடுத்து, சிங்களத்தில் பேசி, நாற்பது நிமிடம் காத்திருந்தாள். ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். முடிந்தது முடிந்ததுதான், அது பாதுகாப்புக்காக. புதுக் கார்ட் போடுங்கள்.

"பெரிய வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போட வழி உண்டா?" என்று கேட்டாள் ஜெயந்தினி.

"இருக்கிறது. உங்கள் பக்கேஜில் இல்லை" என்றாள் அந்தப் பெண்.

அன்று மத்தியானம் ஜெயந்தினி ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்துக்கொண்டு பின் கொட்டகைக்குப் போனாள். பஸ்ஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஜெரோமி செஸிக்கு அடியில் படுத்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், தேயிலை ஃபெக்டரி இயந்திரங்களில் தொழில் பழகியவர். சத்தத்தை வைத்தே எஞ்சினின் கோளாறைச் சொல்வார். எழுதச் சொன்னால் மட்டும் காணாமல் போய்விடுவார்.

"பாஸ், இந்த பஸ்ஸு வெளிய போறதுக்கு என்னென்ன நடக்கணும்? மொதல்ல இருந்து சொல்லுங்க."

"நடக்கறப்ப தெரியும் மிஸ்."

"எனக்கு இப்ப தெரியணும்."

அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். "நீங்க கொழும்புல புது வண்டியோட வேல செஞ்சவங்க. அங்க புத்தகத்துல இருக்கறதுதான் வண்டியில இருக்கும். இங்க கழட்டினாத்தான் உள்ள என்ன இருக்குன்னே தெரியும். கழட்டாமயே தேதி கேட்டா நான் என்னத்த சொல்ல? ரெண்டு மாசம்னு நானா சொன்னேன்?"

அது நியாயம்தான். அந்த நியாயம் அவளுக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. "அப்ப கழட்டிப் பாக்குறதே ஒரு கட்டம்னு வச்சுக்குவோம். அது முடியற வரைக்கும் அடுத்ததுக்குத் தேதியே சொல்லாம இருப்போம். ஆனா பாத்தத எனக்குச் சொல்லணும். போன எடுக்கறது நீங்க இல்ல, நான். நீங்க சொல்லாட்டி நான் பொய் சொல்லணும். சனிக்கெழம அந்த மனுசன் முன்னுக்கு நின்னது நான்தான் பாஸ். நீங்க அடியில படுத்துக்கிட்டீங்க."

சனிக்கிழமை ஜெரோமி உண்மையாகவே பஸ்ஸுக்கு அடியில்தான் இருந்தார், வெளியே வரவில்லை. கை துடைத்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "மொதல்ல செஸி" என்றார்.

முதலில் ஏழு கட்டமாகத்தான் பிரித்தார்கள். செஸி முடியாமல் தகரத்தில் கை வைக்கக் கூடாது. எஞ்சின் கண்டியில் இருக்கும்போதே ப்ரேக் வேலையைப் பார்க்கலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை. பெயின்ட் கடைசிக்கு முந்தி. எழுதி வாசித்துக் காட்டியபோது ஜெரோமி தலையை ஆட்டினார். "தகரத்த ஒரே கட்டமா போடாதீங்க. வெளித் தகரம் அடிச்ச பொறகு வயர் இழுக்கணும். வயர் இழுத்து லைட் எல்லாம் எரியுதான்னு பாத்த பொறகுதான் உள் தகரம் மூடணும். இல்லாட்டி திரும்பக் கழட்டணும்." தகரம் இரண்டானது. கழற்றிப் பார்ப்பதைத் தனியாக வைத்ததில் எல்லாம் சேர்ந்து ஒன்பது.

சிஸ்டம் அதை ஏற்கவில்லை. ஒரு வாகன எண்ணுக்கு ஒரே நேரத்தில் ஒரு கார்ட்தான் திறக்கலாம். இரண்டாவதைப் போட்டால் சிவப்பு எழுத்தில் மறுத்தது. ஜெயந்தினி பஸ்ஸின் எண்ணுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் சேர்த்து ஒன்பது தனி வாகனங்களாகப் பதிந்தாள். வாடிக்கையாளரின் போன் எண் இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடைய எண்ணைப் போட்டாள். செய்தி போனால் அவளுக்கே போகட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவையான சாமான் முழுவதும் ஸ்டோருக்கு வந்த பிறகுதான் அந்தக் கட்டம் தொடங்கும். ஜெரோமி பார்த்துச் சரி என்று சொன்னால்தான் முடியும். இரண்டே விதி.

இரண்டு விதியும் யாருக்கும் பிடிக்கவில்லை. பெயின்டர் வேலை இல்லாமல் நின்று, கோபித்துக்கொண்டு ஹட்டனில் வேறு கராஜுக்கு நாலு நாள் போனார். "அவர சும்மா நிக்க வச்சிருக்கியேம்மா" என்றார் தரணிதரன்.

"போன தடவ சும்மா நிக்காம அடிச்சதத்தான் சேர் வெட்டி எறிஞ்சோம்."

சாமான் வந்ததா என்று ஒரு நாளைக்கு நான்கு முறை அவள் கேட்டுக் கேட்டு, ஸ்டோர்காரர் அவளைக் கண்டாலே பின் கதவால் போய்விடுவார். ஜெரோமி சில நாள் சொல்வார், சில நாள் மறந்துவிடுவார். மறந்த நாட்களில் அவள் மறுபடியும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்தால் அப்பாவிடம்கூடப் பேசத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அம்மா தேநீரை வைத்துவிட்டு, "இன்னைக்கும் அந்த பஸ்ஸா?" என்று மட்டும் கேட்பார்.

ஏப்ரல் கடைசியில் தரணிதரன் சந்தோஷமாக ஆபீஸுக்குள் வந்தார். மாத அறிக்கையில் கராஜில் நிற்கும் வாகனங்களின் எண்ணிக்கை எட்டு கூடியிருந்தது. பஜாரில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டார். அது எல்லாம் ஒரே பஸ்தான் என்று அவள் விளக்கியபோது அவருடைய முகம் விழுந்தது. "அப்ப எண்ணிக்க கூடவே இல்லியா?" என்றார். அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை நாலரைக்கு ஜெயந்தினி அந்தோனிமுத்துவுக்குப் போன் போட்டாள். முதல் வாரம் அவர் வெறுமனே "ம்" என்றார். அவள் சொன்னாள்: "செஸி நிமித்தி வெல்டிங் முடிஞ்சிருச்சுங்க. பாஸ் அளவு புடிச்சுப் பாத்துட்டாரு. ப்ரேக் தொடங்கல, ஒரு சாமான் வரல. எஞ்சின் கண்டியில, அடுத்த வாரம்தான் சொல்லுவாங்க. கடைசித் தேதி எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்றேன்."

மூன்றாவது வாரம் அவரே கேட்டார். "வெளித் தகரம் முடிஞ்சுதா? வயர் இழுக்கறாங்களா?"

மே மாதம் பௌத்தர்களின் வெசாக் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்தன. எஞ்சின் வந்து ஏற்றியாயிற்று. வயரிங் முடிந்தது. பெயின்ட்கூட அடித்துவிட்டார்கள். பஸ் பார்க்கப் புதிது போல நின்றது. ப்ரேக் கட்டம் மட்டும் திறந்தே கிடந்தது. காற்று ப்ரேக்கின் ஒரு வால்வ். முதலில் வந்தது வேறு மாடலுக்கானது. இரண்டாவது தடவையும் அதே தவறு வந்தது. மூன்றாவது கொழும்பில் இருக்கிறது, இன்றைக்கு அனுப்புகிறோம் என்று பதினோரு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தரணிதரன் பஸ்ஸை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாம் முடிஞ்சு நிக்குது. பழைய வால்வ கழுவிப் போட்டு அனுப்புவோம். புதுசு வந்தா வரச் சொல்லி மாத்திக்கலாம். நாலஞ்சு மாசமா எடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது."

ஜெயந்தினி ஜெரோமியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "ஓடும்" என்றார். "ஆனா நான் சரின்னு சொல்ல மாட்டேன் முதலாளி. நோட்டன் இறக்கத்துல நாப்பது பேரோட..."

"அப்ப கார்ட முடிச்சுரு ஜெயந்தினி. பாஸ் சொல்லாட்டி பரவாயில்ல, நான் சொல்றேன்."

அவள் எழுந்து நின்றாள். இந்த வேலை போனால் அப்பாவின் மருந்துக்கு என்ன செய்வது என்ற எண்ணம் வந்து போனது. "நான் அமுக்க மாட்டேன் சேர். உங்ககிட்டயும் பாஸ்வேர்ட் இருக்கு. நீங்களே அமுக்குங்க. ஆனா அந்தோனிமுத்து அண்ணனுக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்க, பழைய வால்வோட அனுப்புறோம்னு. வெள்ளிக்கெழம நான் போன் போட மாட்டேன்."

தரணிதரன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். அந்தோனிமுத்துவின் எண்ணைக் கேட்டார், அவள் சொன்னாள். போனைக் கையில் எடுத்தார். அடிக்கவில்லை. எழுந்து, "இந்த ஊர்ல யாவாரம் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

வால்வ் அதற்குப் பிறகும் ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது. சரியான வால்வ். ஜெரோமி மாட்டினார், காற்றை ஏற்றிச் சோதித்தார், சரி என்றார். பழைய வால்வை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் சேறு, கொஞ்சம் துரு. "ஓடியிருக்கும்னும் சொல்லலாம், ஓடியிருக்காதுன்னும் சொல்லலாம்" என்றார். இருபது நாள் மல்லுக்கட்டியதற்கு அவளுக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். அவள் சரியாகத்தான் செய்தாள் என்று சொல்ல அந்தச் சின்ன இரும்புத் துண்டுகூட முன்வரவில்லை.

ஜூன் இரண்டாவது வாரம் சோதனை ஓட்டம். ஜெரோமி ஓட்ட, அந்தோனிமுத்துவும் ஜெயந்தினியும் ஏறினார்கள். ஹட்டன் வரை போய், அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜ் வீதியின் இறக்கத்தில் போனார்கள். மூன்றாவது வளைவில் மழை தொடங்கியது. ஜெரோமி ப்ரேக்கை மிதித்தார். பஸ் சொன்னபடி நின்றது. அந்தோனிமுத்து இருக்கையை விட்டு எழுந்து முன்னால் வந்து, அவரை நகரச் சொல்லி, தானே ஓட்டினார். நோட்டன் பிரிட்ஜ் வரை ஒவ்வொரு வளைவிலும் ப்ரேக்கை மிதித்துப் பார்த்தார்.

இறங்கியதும் சொன்னார். "நல்லா செஞ்சிருக்கீங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம சொன்னீங்க பாருங்க, அதுதான் என்னைய இருக்க வச்சது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அஞ்சு நாப்பது டைம வேற பஸ்ஸுக்குக் குடுத்துட்டாங்க மிஸ். தற்காலிகம்னுதான் சொன்னாங்க. இப்ப ஏழே காலுக்குத்தான் எனக்கு. டீச்சர்மாருங்கல்லாம் அவன்கிட்டயே பழகிட்டாங்க. பர்மிட் ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருக்கேன், பாப்போம்."

திரும்பி வரும்போது ஜெயந்தினியும் ஜெரோமியும் வாடகை ஓட்டோவில் வந்தார்கள். மார்ச்சில் வெட்டி எறிந்த தகரத்தையும், இரண்டாகப் போன கிளட்ச் தட்டையும், யார் கையிலும் இல்லாமல் ஓடிப்போன வாரங்களையும் அவள் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆரம்பத்திலேயே பிரித்துப் போட்டிருந்தால் ஏப்ரலில் முடிந்திருக்கும். ஏப்ரலில் முடிந்திருந்தால் அந்த ஐந்து நாற்பது அவரிடமே இருந்திருக்கும்.

ஜூலையில் ஒரு தோட்டத்தின் தேயிலைக் கொழுந்து லொறி வந்தது. கீர் பொக்ஸ், செஸி, பின் பாரப்பெட்டி எல்லாம் வேலை. கூட வந்தவர் தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர்.

"எத்தன நாள்?" என்றார்.

"கழட்டிப் பாக்க ஆறு நாளுங்க. ஆறாம் நாள் பாத்ததச் சொல்லி, அடுத்த கட்டத்துக்குத் தேதி தாறேன். முழு வேலைக்கும் இப்ப தேதி சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்."

கிளாக்கர் அவளை விநோதமாகப் பார்த்தார். தரணிதரன் பக்கம் திரும்பினார். தரணிதரன் வாயைத் திறந்தார், ஜெயந்தினியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மறுநாள் லொறியை ஹட்டனில் வேறு கராஜுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. அங்கே மூன்று வாரத்தில் தருகிறோம் என்று சொன்னார்களாம்.

அவர் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். இரண்டு நாள் அவர் ஆபீஸ் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கதவருகே நின்றபடி சொன்னார். "அந்தப் பெரிய பக்கேஜ்ல கட்டம் கட்டமா போடலாம்னு சொன்னாங்கல்ல. ஒன்பது வண்டின்னு பொய்க்கணக்குப் போட வேணாம். கேட்டுப் பாரு, என்ன ஏதுன்னு."

ஜெயந்தினி உதவி எண்ணை அழைத்தாள். ஒரு பதிவுக் குரல் மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லி, தமிழுக்கு மூன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினாள். சிங்களத்தில் ஒருவர் எடுத்து, தமிழ் பேசுகிறவர் லீவு, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு இணைப்பை மாற்றினார். இசை ஓடத் தொடங்கியது. பின் கொட்டகையில் இருந்து ஜெரோமி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு வேனின் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தாயிற்று, வந்து எழுதிக்கொள்ளச் சொல்லி. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வயர் எட்டும் தூரம் வரை நடந்துபோய், கதவில் நின்றபடி, "அங்க இருந்தே சத்தமா சொல்லுங்க பாஸ், எழுதுறேன்" என்றாள்.